அப்பாவின் 070-ஐ மறுபடி ஓட வைத்த பட்டறை

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில், காடாம்புலியூர் தாண்டி ஒரு புளியமரம் இருக்கிறது. அதன் நிழலில் தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் மருந்தடிக்கும் மிஷின் நான்கைந்து, பிரித்துப் போட்ட ஒரு புல் வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின்கள் ஒரு வரிசை. இந்தப் பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் 070 மரம் அறுக்கும் மிஷினுக்கு ஆன செலவு 7,350 ரூபாய். அதில் கூலி 3,000, மீதி சாமான். 11 நாள் ஆனது. அதற்கு முன்னால் இன்னொரு ஊரில் 4,800 ரூபாய் கொடுத்து, ஆறே நாள் ஓட்டிய மிஷின் இது. அதனால்தான் இந்த இரண்டாவது செலவைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மிஷின் எங்கள் அப்பாவுடையது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது எங்கள் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தலைமுறை வைத்து வளர்த்த பலா, ஒரே காலையில் கிடைமட்டமாகக் கிடந்தது. அறுத்து அப்புறப்படுத்த ஆள் இல்லை, மிஷின் இல்லை. வெளியூரிலிருந்து அறுவைக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கி வேலை பார்த்தார்கள். அவர்கள் ஊர் திரும்பும்போது ஒரு பழைய 070-ஐ விற்றார்கள். அதை அப்பா வாங்கினார். அது முதல் எங்கள் விறகு மண்டிக்கு அதுதான் பெரிய கை.

070 என்றால் மரத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் ஸ்டில் கம்பெனி வடிவமைத்த மாடல். 58 மில்லிமீட்டர் பிஸ்டன், கிட்டத்தட்ட 106 சிசி. நாம் ஓட்டும் 100 சிசி பைக் இன்ஜினை விடப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கையில் தூக்கி வேலை பார்க்க வேண்டும். பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் மாட்டாமலே பத்து கிலோவைத் தாண்டும். எங்களுடையதில் 36 அங்குல பார். இன்றைய புது மிஷின்கள் கிறீச்சென்று அதிக வேகத்தில் சுற்றும். இது அப்படிச் சுற்றாது. நிதானமாகத்தான் சுற்றும், ஆனால் மூன்றடிப் புளியில் முழு பாரையும் இறக்கி வைத்தாலும் மூச்சு வாங்காது. சின்ன மரத்துக்கு இது வேண்டாம். பெரிய மரத்துக்கு இதற்கு ஈடாக வேறு ஒன்றை நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

அப்பா 2021-இல் காலமானார். அதன் பிறகு மூன்று வருடம் மிஷின் சாக்குப் பையில் சுற்றி, மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்தது. டேங்கில் இருந்த பெட்ரோலைக்கூட நான் வடிக்கவில்லை. கிளை கழிக்க என்னிடம் சின்ன மிஷின் ஒன்று இருக்கிறது, அதை வைத்தே ஓட்டிவிட்டேன். போன மழையில் பக்கத்துத் தோப்பில் ஒரு கிழட்டுப் பலா சாய்ந்தது. அடி மூன்றரை அடிக்குக் குறையாது. சின்ன மிஷினின் பார் பாதியைக்கூட எட்டவில்லை. அப்போதுதான் பரண் ஏறினேன்.

முதல் பட்டறைக்காரர் மிஷினைப் பிரித்து, பிஸ்டன் உரசியிருக்கிறது என்றார். புது பிஸ்டன், புது ரிங் போட்டு, கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார். முதல் நாள் இழுத்த உடனே கிளம்பியது. எனக்கு அப்பாவே எழுந்து வந்தது போல் இருந்தது. ஆனால் சத்தத்தில் ஏதோ ஒன்று சரியில்லை. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டே நிற்கும், பிறகுதான் மெதுவாக இறங்கும். மிஷினை ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஓட்டம் ஏறும், மறுபக்கம் சாய்த்தால் தடுமாறும். போய்ச் சொன்னேன். ஸ்லோ ஸ்க்ரூவை ஒரு திருப்புத் திருப்பிவிட்டு, ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். ஆறாவது நாள், பலாவின் அடித்துண்டில் பாதி அறுவையில் நின்றது. அதன் பிறகு கயிறே இழுக்க வரவில்லை. பிஸ்டன் மறுபடி பிடித்துக்கொண்டது.

காடாம்புலியூர்ப் பட்டறை அப்போதுதான் என் காதுக்கு வந்தது. முந்திரித் தோப்புக்கு மருந்தடிக்கும் ஒருவர் சொன்னார். பட்டறை அண்ணனுக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். தன் பெயர் எதிலும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. மிஷினைத் தரையில் வைத்ததும் அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் என்னைத்தான் உட்கார வைத்தார்.

"தம்பி, நிக்கிறதுக்கு முன்னாடி எப்படி ஓடுச்சு? அதச் சொல்லு."

வேகம் இறங்காமல் நின்றது, சாய்த்தால் மாறியது எல்லாவற்றையும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து பிஸ்டனைக் காட்டினார். சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசல். "பிஸ்டன் செத்ததுதான் எல்லாருக்கும் கண்ணுல படும். எதனால செத்துதுன்னு தெரியாம புதுசு போட்டா அதுவும் சாகும்" என்றார். நான் இந்தப் பட்டறையை எல்லோருக்கும் சொல்வதற்குக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான். பிறகு வந்த பத்து நாளும் அவர் அந்த வார்த்தைப்படிதான் வேலை பார்த்தார்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் உள்ளுறுப்புகளுக்கு என்று தனி எண்ணெய் கிடையாது. பெட்ரோலில் கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. கார்புரேட்டர் அளந்து அனுப்பும் கலவையோடு வேறு எங்கிருந்தாவது வெறுங்காற்று உள்ளே புகுந்தால், பெட்ரோல் குறையும், ஆயிலும் சேர்ந்தே குறையும். சூடு ஏறும், பிஸ்டன் விரியும், சிலிண்டர் சுவரோடு ஒட்டும். என் மிஷினில் காற்று எங்கோ புகுந்துகொண்டிருந்தது. எங்கே என்று தெரிய வேண்டும்.

அவர் செய்த சோதனையை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். சைக்கிள் டியூபை வெட்டி, சைலன்சர் ஓட்டையில் வைத்து போல்ட்டால் இறுக்கி அடைத்தார். கார்புரேட்டர் இருந்த இடத்தில் தானே செய்து வைத்திருக்கும் ஒரு இரும்புத் தகடு, அதன் நடுவில் ஒரு சின்னக் குழாய். அந்தக் குழாயில் டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் ரப்பர் பந்தையும் முள்ளையும் மாட்டினார். பந்தை அமுக்கி அமுக்கி முள்ளை 280 வரை ஏற்றினார். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு நிமிடம் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. முள் அசையவே இல்லை. எனக்கு நிம்மதி. அவருக்கு இல்லை.

"இது பாதிச் சோதனைதான்" என்று சொல்லி, உள்ளேயிருந்து இன்னொரு கைப்பம்ப் கொண்டு வந்தார். இது காற்றை அடிப்பதில்லை, உறிஞ்சுவது. அதே குழாயில் மாட்டி உள்ளே இருந்த காற்றை உறிஞ்சினார். முள் ஏறியது. கையை எடுத்தார். நான் ஐந்து எண்ணுவதற்குள் முள் விழுந்துவிட்டது.

மறுபடி உறிஞ்சி, இந்த முறை மேக்னெட்டுக்கு (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பின்னால், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் சின்ன எண்ணெய்க் குப்பியால் நாலு சொட்டு விட்டார். விழுந்துகொண்டிருந்த முள் அந்த நொடி தயங்கி நின்றது. எண்ணெய் ஓட்டையை அடைத்திருக்கிறது. ஓட்டை அங்கேதான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார். தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல், அதன் உதடு உள்பக்கம் பார்த்து இருக்கும். உள்ளே காற்றை அடித்தால் அந்த அழுத்தமே உதட்டைத் தண்டோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கும். கெட்டுப்போன சீல்கூட நல்லது போல நடிக்கும். உறிஞ்சும்போது உதடு தண்டை விட்டு விலகும், அப்போதுதான் உண்மை தெரியும். ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டும் நடக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது கீழே உறிஞ்சல், கீழே வரும்போது அழுத்தம். என் மிஷின் ஒவ்வொரு உறிஞ்சலிலும் மேக்னெட் பக்கத்துப் புழுதிக் காற்றைக் குடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

புல்லர் போட்டு மேக்னெட்டைக் கழற்றினார். சீல் ரப்பர் மாதிரியே இல்லை. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல் உடைந்தது. வயதும் சூடும் செய்த வேலை. தண்டில் பழைய உதடு உரசி மெல்லிய வளையம் போல ஒரு தேய்மானம் இருந்தது. புதுச் சீலைப் பழைய ஆழத்துக்கு அடிக்காமல் மயிரிழை வெளியே நிறுத்தினார். புது உதடு தேயாத இடத்தில் உட்கார வேண்டுமாம். கிளட்ச் பக்கத்துச் சீல் நன்றாகவே இருந்தது, ஆனாலும் வயது ஒன்றுதானே என்று அதையும் மாற்றினார். கிராங்க் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

மேக்னெட்டைக் கழற்றியதில் இன்னொரு வேலையும் முடிந்தது. எங்களுடையது பாயிண்ட் (தீப்பொறி வரும் நேரத்தை வைக்கும் தொடுமுனை) வைத்த பழைய மாடல், பாயிண்ட் மேக்னெட்டுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். மூன்று வருடப் பரண் ஈரத்தில் அது பூத்துப் போயிருந்தது. புது பாயிண்ட், புது கண்டென்சர் போட்டு, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி சரி பார்த்தார். பிளக் இடைவெளி அரை மில்லிமீட்டர்.

சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்வார் என்று பயந்தேன். சுவரில் ஒட்டியிருந்தது பிஸ்டனின் அலுமினியம்தான், சிலிண்டரின் முலாம் போகவில்லை என்றார். காஸ்டிக் சோடாக் கரைசலைக் குச்சியில் சுற்றிய துணியில் தொட்டு, ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் வைத்து எடுத்தார். அலுமினியம் நுரைத்துக் கரைந்தது. கழுவி விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி. (இதை வீட்டில் யாரும் முயல வேண்டாம். கண்ணில் தெறித்தால் கண் போய்விடும். அவர் கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் செய்தார்.) பிஸ்டன் மட்டும் புதுசு. கம்பெனி பிஸ்டன் வர நாளாகும் என்பதால் மாற்றுத் தயாரிப்பைத்தான் போட்டார், அதை என்னிடம் கேட்டுக்கொண்டே போட்டார். ஆனால் அந்தப் பெட்டியோடு வந்த, பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் லாக் இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு, கம்பெனி லாக் தனியாக வாங்கிப் போட்டார். மலிவு லாக் ஓட்டத்தில் கழன்றால் சிலிண்டரையே கிழித்துவிடும். அந்த லாக்குக்கு 90 ரூபாய். முழு வேலையிலும் மிக மதிப்பான 90 ரூபாய் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கார்புரேட்டர் நான் செய்த பாவம். டேங்கில் விட்ட பெட்ரோல் பச்சைப் பிசினாகி உள்ளே உறைந்திருந்தது, பெட்ரோலை அளந்து விடும் மெல்லிய சவ்வான டயாபிரம் காய்ந்த அப்பளம் போல் விறைத்துக் கிடந்தது. முதல் பட்டறை அதை மாற்றாமல் கழுவி மட்டும் போட்டிருக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். எனவே புது டயாபிரம், புது ஓஸ், புது பில்டர். டேங்க் மூடியின் காற்றுத் துளையும் அடைத்திருந்தது. அதைக் குத்திச் சுத்தம் செய்தார். பத்து நிமிடம் ஓடி நின்று, மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும் மிஷின் உங்களிடம் இருந்தால் முதலில் அந்தத் துளையைப் பாருங்கள்.

ட்யூனிங்கை அவர் காதால்தான் செய்தார். முழு ஆக்ஸிலேட்டரில் காலி ஓட்டத்தில் லேசாகக் கரகரக்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் சுத்தமாக வேண்டும். எடுத்தால் மறுபடி கரகரப்பு. காலியில் கணீரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், அப்படி ஓட்டுவது பிஸ்டனுக்கு ஆபத்து. பட்டறைக்குப் பின்னால் இதற்கென்றே கிடக்கும் ஒரு வேப்பந்தடியில் ஐந்தாறு தடவை வைத்து எடுத்து, ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி நிறுத்தினார். ஆக்ஸிலேட்டரை விட்டால் இப்போது வேகம் பட்டென்று இறங்குகிறது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே ஓட்டம்.

பாரையும் செயினையும் அவர் விடவில்லை. பாரின் விளிம்பு பிசிறடித்திருந்ததைத் தட்டை அரத்தால் ராவி, தலைகீழாகத் திருப்பி மாட்டினார். செயினை ஓட்டும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் தேய்ந்திருந்தது, அதை மாற்றினார். எங்கள் செயின் 404 அளவு. அதற்கு 5.5 மில்லிமீட்டர் உருட்டு அரம். நான் இத்தனை நாள் சின்ன மிஷினின் அரத்தையே இதற்கும் போட்டு ராவி வந்திருக்கிறேன். அதனால் பல்லின் கொக்கி தவறான வடிவத்துக்கு வந்திருந்தது. எல்லாப் பல்லையும் 30 டிகிரிக்கு அவரே ராவிக் கொடுத்தார். பிறகு பார் நுனியை ஒரு வெள்ளைச் சாக்குக்கு நேரே பிடித்து ஆக்ஸிலேட்டர் கொடுத்தார். சாக்கில் எண்ணெய் கோடாகத் தெறித்தது. அப்படித் தெறித்தால்தான் செயினுக்கு ஆயில் போகிறது. பழைய வண்டி ஆயிலை ஊற்றாதே என்று கண்டிப்பாகச் சொன்னார், அதிலுள்ள இரும்புத் தூள் பம்பைத் தின்றுவிடும்.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்கவே மாட்டார். நான்கு நாளில் என்று சொன்ன வேலைக்கு 11 நாள் ஆனது. சீல் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது என்பது உண்மைதான், ஆனால் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இரண்டு முறை வீணாக 18 கிலோமீட்டர் போய் வந்திருக்க மாட்டேன். அச்சடித்த பில் கிடையாது, நோட்டுத் தாளில் எழுதித் தருகிறார். ஆனால் அந்தத் தாளில் ஒவ்வொரு சாமானும் விலையோடு இருந்தது, கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார். அமாவாசை அன்று பட்டறை திறக்காது. உட்கார ஒரு பெஞ்சுதான், அதிலும் பாதி சாமான்.

மிஷினைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது பழைய 070 தேடிப் போகலாம். இது வேறு காலத்து மிஷின். செயின் பிரேக் கிடையாது. பார் நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும், நிறுத்த எதுவும் இல்லை. புது மிஷினில் பழகிய பையன்களிடம் இதைக் கொடுக்காதீர்கள். அதிர்வைத் தாங்கும் ரப்பரும் எங்கள் மாடலில் இல்லை. இப்படிப்பட்ட அதிர்வை வருடக்கணக்கில் நாள் முழுக்க வாங்கினால் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். நான் இருபது நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் இறக்கி வைக்கிறேன். தொழில் செய்பவர்கள் மட்டும், அனுபவப்பட்ட கையால் மட்டும்.

இப்போது எங்கள் வழக்கம் இது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான சாதாரண 2T ஆயில் 40 மில்லி. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்கிறேன். வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விடுகிறேன். அந்தக் கிழட்டுப் பலாவை இரண்டு பக்கமும் இறக்கி முடித்தாயிற்று. மஞ்சள் வைரம், ஒரு கீறல் இல்லாமல் துண்டு போட்டோம். அதன் பிறகு இரண்டு புளி, ஒரு வாகை.

பத்து லிட்டர் ஓடியதும் கொண்டு வா என்று அண்ணன் சொல்லியிருந்தார். போனேன். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார், செங்கல் பொடி நிறம். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்த்தார். உறிஞ்சும் பம்பை மறுபடி மாட்டினார். நான் இருபது வரை எண்ணினேன், முள் நின்ற இடத்திலேயே நின்றது. சிலிண்டர் போல்ட் நாலையும் ஒரு தடவை இறுக்கிவிட்டு, காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், அதன் பிறகு மருந்தடிக்கும் மிஷின்காரர்கள் கூட்டம் வந்துவிடும். பாரையும் செயினையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். டேங்கை வடித்துவிட்டுப் போங்கள். நிற்பதற்கு முன் மிஷின் எப்படி ஓடியது என்பதை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள், அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.